கோயிலும் காணியும்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து

பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களின் மாரியம்மன் திருவிழாவையும் காமன் கூத்தையும் பூர்வீக மரபின் எச்சங்களாக மட்டும் காணும் நோக்குப் போதாதென்பது எமது கருத்தாகும். அவை நிகழும் நிலம் யாருடையது என்ற வினாவை அந்நோக்கு எழுப்புவதில்லை.

சோல்பரி யாப்பின் 29(2) ஆம் பிரிவு, இன, சமயப் பாகுபாடு காட்டும் சட்டங்களைத் தடைசெய்தது. எனினும் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றோராக்கிய 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தை அது தடுக்கவில்லை. 1972 ஆம் ஆண்டு யாப்பு அப்பிரிவைக் கைவிட்டு, பௌத்தத்திற்கு முதன்மைத் தானம் வழங்கியது. 1978 ஆம் ஆண்டு யாப்பின் 9 ஆம் உறுப்புரை அதனைத் தொடர்கின்றது. 10 ஆம் உறுப்புரையோ விரும்பிய சமயத்தைக் கைக்கொள்ளும் சுதந்திரத்தை அனைவருக்கும் அளிக்கின்றது.

இவ்விரு உறுப்புரைகளையும் சொல்லளவில் மட்டும் ஒப்புநோக்குவோர் பொருளியல் அடித்தளத்தைக் காணத் தவறுகின்றனர். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. ஒரு சமயத்தைப் பேணக் கடமைப்பட்ட அரசே பிற சமயத்தவரின் கோயில் நிலத்துக்கும் உடைமையாளராயிற்று. 1992 இல் முகாமை கம்பனிகளிடம் சென்றது. நிலவுடைமை பெரும்பாலும் அரசிடமே தங்கிற்று. தொழிலாளர் தம் உழைப்பாலும் சந்தாவாலும் எழுப்பிய கோயில்களின் நிலம் பலவிடத்தும் அவர்களுக்கு உரித்தாகவில்லை.

எனவே, அரசையும் சமயத்தையும் பிரிக்கும் கோரிக்கை ஊவாவில் காணியுரிமைக் கோரிக்கையோடு இணைந்தே எழுதல் வேண்டும். காணி உறுதி இல்லாதோரிடத்து, யாப்பு உறுதிசெய்யும் சுதந்திரம் முழுமைபெறாது.