வெள்ளை பூத்த மேசை

சென்னையில் ஓர் ஐப்பசி மாதம். வீட்டில் புதிதாகச் செய்த தேக்கு மேசைக்கு அன்று கடைசிப் பூச்சு. காலையில் மழை விட்டிருந்ததால் பிற்பகலில் பாலிஷ்காரர் கம்ப்ரசரை ஓடவிட்டு லேக்கர் அடித்தார். அடித்தபோது கண்ணாடிபோல மின்னிய பலகை ஐந்தே நிமிடத்தில் நீர்ப்பால் ஊற்றியதுபோல வெளுத்துவிட்டது. "பூத்துடுச்சு சார், வெயில் வரட்டும், பார்த்துக்கலாம்" என்றார். எனக்குப் பொறுமை இல்லை. தேய்த்து எடுக்கச் சொன்னேன். உப்புத்தாளால் தேய்த்தார், திரும்ப அடித்தார், திரும்பவும் பூத்தது.

நான் செய்யச் சொன்னது எவ்வளவு பெரிய தவறு என்பதை மொறட்டுவையில் கண்டேன். கொழும்புக்குத் தெற்கே, ஒருபுறம் கடலும் மறுபுறம் பொல்கொட ஏரியுமாக இருக்கும் அந்த ஊர்தான் இலங்கையின் தளபாடத் தொழிலுக்குப் பேர்போனது. (நாம் மரச்சாமான் என்பதை அங்குள்ள தமிழர்கள் தளபாடம் என்கிறார்கள்; நாற்காலி அங்கே கதிரை, பீரோ அலுமாரி.) நான் நின்ற பட்டறையில் மஹோகனி அலுமாரிக் கதவொன்று என் மேசையைப் போலவே வெளுத்தது. அடித்த சிங்களத் தொழிலாளி தெளிப்புத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். திரும்பி வந்து, மெதுவாக ஆவியாகும் தின்னரை மட்டும் ஊற்றி, கதவின்மேல் மூடுபனிபோல ஒரு முறை ஓட்டினார். கண்முன்னே வெள்ளை கரைந்து மரத்தின் சிவப்பு மேலே வந்தது. உப்புத்தாளை அவர் தொடவே இல்லை.

இந்த லேக்கர், நைட்ரோசெல்லுலோஸைத் தின்னரில் கரைத்த திரவம். 1920களில் மோட்டார் கார்களுக்குப் பூசத் தொடங்கிய பிறகு உலகெங்கும் பரவியது. தின்னர் பறக்கும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலப் பூச்சின் மேற்பரப்பு குளிரும். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டிய நாளில் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து, உள்ளே புகுந்து, கரைந்திருந்த நைட்ரோசெல்லுலோஸைத் திரியவைக்கும். ரிடார்டர் என்று கடையில் விற்கும் மெதுவான தின்னரை மேலே அடித்தால் பூச்சு மறுபடி இளகும். நீர் வெளியேற அவகாசம் கிடைக்கும். திரிந்தது மறுபடி கரைந்து ஒன்றாகிவிடும்.

மொறட்டுவையில் எல்லாப் பழக்கமும் இந்த ஈரத்தைச் சுற்றியே அமைந்திருக்கிறது. காலையில் முதல் வேலை, கம்ப்ரசர் தொட்டியின் அடித்திருகைத் திறந்து தேங்கிய நீரை வடிப்பது. நான் பார்த்த அன்று அரை டம்ளர் வடிந்தது. அதை மறந்தால் துப்பாக்கி வழியே நீர்த்துளியும் சேர்ந்து பலகையில் விழும். வெயில் ஏறிய பிறகே லேக்கர் அடிக்கிறார்கள். 2022-ல் இலங்கையில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம்வரை நீண்ட காலத்தில், கம்ப்ரசரை நம்பியவர்களால் அந்த நேரத்தைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியாமல் போனது.

கோவைப் பக்கம் வந்தால் எதிரி வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று வீசும்போது லேக்கர் துகள் பலகையை அடையும் முன்பே பாதி உலர்ந்துவிடுகிறது. பூச்சு பரவி மட்டமாகாமல் ஆரஞ்சுத் தோல்போல மேடும் பள்ளமுமாக நின்றுவிடும். தடவினால் தூசி நெருடும். அங்கே விடியற்காலையில் தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிவிட்டு, தின்னரைக் கொஞ்சம் கூட்டி, துப்பாக்கியை 15 முதல் 20 சென்டிமீட்டருக்குள் பிடித்து அடிக்கிறார்கள். மொறட்டுவைக்காரர் தவிர்க்கும் அதே விடியற்காலை. சோழகம் எனும் தென்மேற்குக் காற்றில் புழுதி பறக்கும் யாழ்ப்பாணத்துப் பட்டறைகளும் இந்த விஷயத்தில் மொறட்டுவையைவிடக் கோவைக்குத்தான் நெருக்கம்.

ஒரு குறை மட்டும் எந்த ஊரிலும் மாறவில்லை: தேங்காயெண்ணெய் தடவிய தலையைக் கோதிய கையோடு பலகையைத் தொடுவது. அந்த இடத்தில் பூச்சு ஒட்டாமல் விலகிக் குட்டிக் குட்டிக் குழிகளாகும். தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை ஒரு கை பூசிவிட்டு மேலே அடித்தால் பெரும்பாலும் அடங்கும். லேக்கர் என்ற சொல்லே அரக்கின் வழி வந்தது. கர்நாடகத்துச் சென்னபட்டணத்திலும் இலங்கையின் மாத்தளைப் பக்கத்திலும் நிற அரக்கைச் சுழலும் மரத்தில் அழுத்தி, உராய்வுச் சூட்டில் பூசும் கைத்தொழில் இன்றும் இருக்கிறது.

என்னைக் கவலைப்படவைக்கும் மாற்றம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டு வீடுகளில் மெலமைனும் பி.யூ. எனும் பாலியூரித்தேனும் லேக்கரின் இடத்தைப் பிடித்துவிட்டன. நீர், சூடு, கீறல் எல்லாவற்றையும் அவை நன்றாகத் தாங்குகின்றன, மறுக்கவில்லை. ஆனால் வேதிவினையில் இறுகிய பூச்சு தன் தின்னரிலேயே மறுபடி கரையாது. குறை வந்தால் தேய்த்து எடுப்பதுதான் வழி. நான் போன மொறட்டுவைப் பட்டறைகளிலும் பி.யூ. நுழைந்திருக்கிறது; என்றாலும் அலுமாரிக்கும் கதிரைக்கும் பழைய லேக்கரையே அடித்தார்கள். பேரப்பிள்ளைவரை வரவேண்டிய சாமானுக்குப் பழுது பார்க்க இடம் கொடுக்கும் பூச்சே ஏற்றது என்பேன். எந்தப் பூச்சானாலும், அடிப்பவர்கள் முகத்தில் இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு லேஞ்சி (கைக்குட்டை). தின்னர் புகையை இரண்டும் தடுக்காது. கரி வடிகட்டி வைத்த முகமூடியை வாங்கித் தருவது வேலை கொடுப்பவரின் கடமை.

ஊர் திரும்பி, தை பிறக்கும்வரை மேசையைத் துணி போர்த்தி வைத்திருந்தேன். அதே பாலிஷ்காரர் வெயில் ஏறிய பின் வந்து ரிடார்டரை இரண்டு முறை மெலிதாக ஓட்டினார். வெள்ளை போனது. முன்விளிம்பில் ஒரு சாண் நீளம் மட்டும் சாயம் வெளிறியே இருக்கிறது. நான் தேய்க்கச் சொன்ன அன்று உப்புத்தாள் அடிப்பூச்சான சீலரையும் தாண்டி மரத்தைத் தொட்ட இடம் அது.