கருவா, குமிழியா?

புதுவைக்கு அண்மையிலுள்ள திருவக்கரையில் கல்லாய்ச் சமைந்த மரங்கள் கிடக்கின்றன. அவை திருமால் கொன்ற அசுரனின் எலும்புகள் என்பது ஊர்க்கதை. மாணவர்களோடு அங்கே சென்றபோது நகைத்தோம். எலும்பைப்போல் இருந்தால் எலும்பாகிவிடுமா என்று நான் கேட்டேன். தோழர்களே, அதே கேள்வியை நம்மை நோக்கியும் கேட்டாகவேண்டும். 'அறிஞர் கண்டார்' என்றதும் கைதட்டும் பழக்கம் நமக்கில்லையா?

1998-இல் டேராடூன் வாடியா ஆய்வுநிலையத்து அஸ்மி, விந்தியப் பாறையில் சிறு ஓட்டுயிர்களின் புதைபடிவங்களைக் கண்டதாக எழுதினார். வயது ஏறத்தாழ 54 கோடி ஆண்டு என்றார். பின்னர்ச் சித்திரகூடத்துப் பாறையில் விலங்குக் கருக்களும் உண்டென்றார். இராமன் தங்கிய இடமென்று பக்தர்கள் தேடிச்செல்லும் அதே சித்திரகூடந்தான்! ஆனால் கதிரியக்கக் கணக்கோ, பாறை அதைவிட 100 கோடி ஆண்டுக்கு மேல் மூத்தது என்றது. இரண்டும் மெய்யானால் விலங்கின் வரலாறே தலைகீழாகும். அவை புதைபடிவங்கள்தாமா என்று ஐயுற்றோரும் உண்டு.

ஒற்றை உயிரணு இரண்டாகி, நான்காகி, எட்டாகி உடலாகிறது. அழுகுமுன் பாஸ்பேட்டு ஊறினால் அந்தப் பிளவின் தடம் கல்லில் நிலைக்கும். அத்தகைய கருக்களைச் சீனத்திலும் சைபீரியாவிலும் கண்டு 1997-இல் வெளியிட்ட இருவருள் ஒருவர் சுவீடன் நாட்டுப் பெங்ட்சன். அவர்தாம் சித்திரகூடத்துப் பாறையை மறுபடி ஆய்ந்தார். உருண்டைகளின்மேல் பலகோணக் கட்டங்கள். கருவென்றே கண் சாதிக்கும். அப்படியே எழுதியிருந்தால் புகழ் அவருக்குத்தான். 2009-இல் அவர் குழு எழுதியதோ வேறு: உருண்டைகள் புதைபடிவமே அல்ல, நீலப்பச்சைப் பாசியின் பசையில் சிக்கிய வாயுக் குமிழிகள்! குழாய் வடிவங்கள் மெய்யான புதைபடிவங்களே; ஆனால் இழைப்பாசியை ஒத்தவை. வயது 165 கோடி ஆண்டு. ஏறக்குறைய 9 கோடி கூடலாம், குறையலாம்.

இக்கட்டுரையில் எனக்குப் பிடித்தது அஸ்மிக்கு அது செய்த நேர்மை. படிவங்கள் மெய்யானவை என்பதைத் தலைப்பிலேயே ஒப்புக்கொண்டுதான் அவர் சொன்ன வயதை மறுக்கிறது. நம் மேடைகளில் எதிரிக்கு இவ்வளவு இடம் கொடுக்கிறோமா?

சீனத்துத் தௌசாந்துவோ பாறையின் 'கருக்களை' நானே வகுப்பில் பெருமையோடு விளக்கியவன். அவையும் விலங்குகள் அல்ல, உறைக்குள் பெருகிய எளிய நுண்ணுயிர்களே என்று 2011-இல் ஒரு குழு வாதிட்டது, பெங்ட்சனும் அதிலிருந்தார். மறுத்தோரும் உளர். வகுப்பில் திருத்திச் சொன்னேன். "அப்படியானால் குமிழி என்பதற்கு என்ன சான்று, ஐயா?" என்றான் பின்வரிசையில் ஒருவன். படங்களைப் பெரிதாக்கி எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.