முகம் பார்த்து வாங்கிய பாட்டு

கச்சிராயபாளையத்தில் சித்தப்பா வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. உள்ளே முழுக்க சினிமா பாட்டுப் புத்தகங்கள். சாணித்தாளில் அச்சடித்த சில பக்கங்கள், கொஞ்சம் கதைச் சுருக்கம், ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்ற வழக்கமான வரி, பிறகு பாட்டுகள். தமிழில் இசைக்காகச் சாதாரண ஜனங்கள் காசு கொடுத்து வாங்கிய அச்சுப் பொருள் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான். பாடியவர் பெயர் உள்ளே பொடி எழுத்தில் இருக்கும். அட்டையில் இருப்பது நடிகர்.

‘எங்க வீட்டுப் பிள்ளை’யும் ‘சாந்தி’யும் 1965இல் வந்த படங்கள். முன்னதில் எம்.ஜி.ஆர்., பின்னதில் சிவாஜி. இரண்டுக்கும் இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி. இரண்டிலும் நாயகனுக்குக் குரல் டி.எம்.சௌந்தரராஜன். பெட்டியில் முதல் படத்தின் புத்தகம் மூன்று பிரதி இருந்தது. இரண்டாவது ஒன்றுகூட இல்லை.

“அது அவங்க புக்குடா. நாம ஏன் காசு குடுக்கணும்?” என்றார் சித்தப்பா.

“ஏன், பாட்டு புடிக்காதா?”

“பாட்டு புடிக்கும். ரேடியோவுல வந்தா கேப்பேன்.”

இதைவிடத் தெளிவாக ஒரு அட்டையின் வேலையை யாரும் எனக்குச் சொன்னதில்லை. காது ஒப்புக்கொண்டதைக் கை வாங்க மறுத்திருக்கிறது. மெட்டை அச்சடிக்க முடியாது, முகத்தை அச்சடிக்கலாம். ஒரே குரலை இரண்டாகப் பிரித்து இரண்டு கூட்டத்துக்கு விற்க அந்த முகம் போதுமானதாக இருந்தது. குரலுக்கு உரியவர்தான் அட்டையில் இல்லாமல் போனார்.

கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் புளியும் விற்க இறங்கி வந்தவர்கள் படம் பார்த்துவிட்டு, எழுத்துக் கூட்டத் தெரியாதபோதும், புத்தகம் வாங்கிப் போவார்களாம். ஊருக்குப் போய், படித்த பையன் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். படத்தின் பெயரை அவர்கள் வாசிக்கவில்லை, அடையாளம் கண்டார்கள். வளைத்து எழுதிய அந்தத் தலைப்பு எழுத்தும் அவர்களுக்கு ஒரு படம்தான். அட்டை அவர்களையும் கணக்கில் வைத்திருந்தது என்பதற்காகவே, பாடகரை மறைத்த குற்றத்தை என்னால் முழுசாகச் சாட்ட முடியவில்லை.

முறையான இசை இதழ் என்று எடுத்தால் ‘ஸ்ருதி’ இருக்கிறது. பட்டாபிராமன் 1983இல் சென்னையில் தொடங்கிய மாத இதழ். அங்கே கலைஞரின் முகமே அட்டை. பாட்டுப் புத்தகம் செய்யாத மரியாதை இது. ஆனால் இதழ் ஆங்கிலம். நாகஸ்வரத்தைப் பற்றி அக்கறையாக எழுதிய பத்திரிகைதான்; எங்கள் பக்கத்துக் கோயில் வாசலில் தவில் வாசிக்கிறவர் அதன் அட்டையைப் பார்த்தால், தன் சங்கதி உள்ளே இருக்கும் என்று எப்படி நினைப்பார்? சபா வாசகரைச் சரியாகக் கூப்பிடும் அதே அட்டை இவரைக் கடந்து போகச் சொல்கிறது. இதை வடிவமைப்பின் வெற்றி என்று பாடப்புத்தகம் சொல்லும். எனக்கு அந்த வார்த்தை உறுத்துகிறது.

நடுவில் கேசட் காலம். இளையராஜாவின் முகம் நாயகனுக்குச் சமமாக, சில சமயம் தனியாகவும், உறையில் வந்தது. இசையமைப்பாளரைப் பார்த்து வாங்கும் கூட்டம் அப்போது உருவானது. ஆனாலும் எனக்குப் பிடித்த உறை, ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் கொடுத்துப் பதிந்த கேசட்டுடையது. படம் கிடையாது. பால்பாயிண்ட் பேனாவில் ஏ பக்கம், பி பக்கம். வாங்கியவனே அட்டை எழுதிக்கொண்ட ஒரே காலம் அது. (என் கையெழுத்து எனக்கே புரியாது, அது வேறு விஷயம்.)

இப்போது எங்கள் பக்கத்துத் தெருக்கூத்து யூடியூபில் கிடைக்கிறது. முகப்புப் படத்தில் கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிய வேஷக்காரர். தடித்த மஞ்சள் எழுத்தில் நாடக மன்றத்தின் பெயர், ஊர், கூடவே கைபேசி எண். ரசனை இல்லாத அட்டை என்று முதலில் முகம் சுளித்தேன். பிறகுதான் உறைத்தது: அது பார்வையாளரை மட்டும் கூப்பிடவில்லை. அடுத்த திருவிழாவுக்குக் கூத்து வைக்கப்போகும் ஊர்ப் பெரியவர்களையும் கூப்பிடுகிறது. ஆடுகிறவரும் பாடுகிறவரும் ஒரே ஆள் என்பதால் இங்கே முகத்தையும் குரலையும் பிரிக்க வழியில்லை. ஆனால் மிருதங்கக்காரரும் முகவீணைக்காரரும் இந்தப் படத்திலும் இல்லை.

சித்தப்பாவிடம் ஒன்றைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு போனைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

“யாரு, கர்ணனா? சரி, போடு.”