பத்து ரூபாய் லைட்டரும் இரண்டு ரூபாய் தீப்பெட்டியும்

சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி வட்டாரத்துப் பெட்டிக்கடைகளிலேயே இப்போது தீப்பெட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் லைட்டரும் தொங்குகிறது. பத்து ரூபாய் லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டிகளின் வேலையைப் பார்த்துவிடுகிறது என்று 2022 செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் ஒன்றிய அரசுக்கு எழுதினார். 2023 ஜூனில், விலை 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களை இறக்குமதி செய்யத் தடை வந்தது. இதெல்லாம் தொழிலைக் காப்பதற்கான முயற்சி. அதில் நான் தீப்பெட்டியின் பக்கம். ஆனால் அடுப்பும் விளக்கும் ஏற்றுகிறவருக்கு அந்தப் பாசம் போதாது. மலிவான இந்தக் கருவிகளில் எது அன்றாடத்துக்கு உதவும் என்பதுதான் அவர் கேள்வி.

காசுக் கணக்கில் லைட்டர் ஜெயிக்கிறது. இதை மறைத்துப் பேசிப் பயனில்லை. இருபது பெட்டிக்கு நாற்பது ரூபாய், லைட்டருக்குப் பத்து. ஐப்பசி மழையில் குச்சி நமுத்துப் போகும்போதும் லைட்டர் பற்றிக்கொள்ளும். காற்றடிக்கும் முற்றத்தில் சூடம் ஏற்றப் போனவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இருந்தும் மலிவான கருவியை எடைபோட எனக்குச் சரியாகப் படுகிற அளவுகோல், அது கெட்டுப்போகும்போது என்ன ஆகிறது என்பது. மலிவுப் பொருள் சீக்கிரம் கெடும், அது தெரிந்தே வாங்குகிறோம். மோசமான தீக்குச்சி பற்றாது, அல்லது முறியும். மருந்து தெறித்துச் சேலையில் பொத்தல் விழுவதும் உண்டு, அது சின்ன ஆபத்தில்லை. ஆனால் அந்தக் கெடுதல் பெரும்பாலும் ஒரு குச்சியோடு முடிகிறது. லைட்டரோ மெல்லிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் அழுத்தத்தில் அடைபட்ட பியூட்டேன். வால்வு சரியாக மூடாவிட்டால் கையை எடுத்த பிறகும் சுடர் நிற்கும், அல்லது வாயு கசியும். அடுப்பு மேடையிலோ சித்திரை வெயில் விழும் ஜன்னலிலோ கிடந்தால் கூடு வெடிக்கலாம். சின்னப் பிள்ளைகள் எளிதில் பற்றவைக்க முடியாதபடி லைட்டர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1994-லேயே கட்டாயமாக்கியது. இங்கே லைட்டருக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டதே 2023-ல்தான். வாயு தீர்ந்ததும் மிஞ்சும் பிளாஸ்டிக்கும் தகரமும் குப்பைமேட்டுக்குப் போகும். எரிந்த குச்சி மண்ணாகிவிடும்.

சமையலறையில் இருக்கும் பொறி லைட்டரை இந்தக் கணக்கில் தனியாக வைக்க வேண்டும். உள்ளே எரிபொருளே இல்லை. சுத்தியல் போன்ற சின்னத் துண்டு ஒரு படிகத்தைத் தட்ட, பொறி பிறக்கிறது. கெட்டால் பொறி வராது, அவ்வளவுதான். கேஸ் அடுப்புக்கு இதைவிட நல்ல மலிவுக் கருவி கிடையாது. ஆனால் குத்துவிளக்கையும் ஊதுபத்தியையும் அது ஏற்றாது. அதனால் கேஸ் அடுப்பு உள்ள வீட்டிலும் தீப்பெட்டிக்கு இடம் இருக்கிறது.

அந்த இடத்தைத் தீப்பெட்டி தக்கவைத்துக்கொள்கிறதா என்பதில்தான் எனக்குக் குறை. நல்ல குச்சியில் மெழுகு போதுமான அளவு ஏறியிருக்கும். மருந்து சீறி அடங்கும் முன் சுடர் மரத்துக்குத் தாவிவிடும். மெழுகைக் குறைத்தால் தலை மட்டும் புகைந்து அணையும். பக்கவாட்டில் பூசும் சிவப்பு பாஸ்பரஸ் மெலிந்தால், பாதிக் குச்சி மிச்சமிருக்கும்போதே பட்டை வழுக்கிவிடும். அட்டை மெலிந்தால் ஈரம் உள்ளே போகும். இந்த மூன்றையும் வாங்குகிறவர் பார்க்கிறார். அடுத்த முறை லைட்டர் கேட்கிறார்.

இந்தச் சிக்கனத்துக்குக் காரணம் விலை. 2007-ல் ஒரு ரூபாயான பெட்டி, 14 ஆண்டுகள் அங்கேயே நின்று, 2021 டிசம்பர் 1-ல்தான் இரண்டு ரூபாயானது. இடையில் மெழுகும் அட்டையும் பொட்டாசியம் குளோரேட்டும் விலை ஏறிக்கொண்டே இருந்தன. 1923 வாக்கில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்று வந்து சிவகாசியில் தொடங்கிய தொழில், மலிவை வேறு வழியிலும் வாங்கியிருக்கிறது. பல ஆண்டுகள் அந்த மலிவைத் தாங்கியவை குழந்தைகளின் விரல்கள். சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே நாடு அதை முழுதாகக் கண் திறந்து பார்த்தது. பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளை அடுக்கிய குச்சியின் விலையை யாரும் மலிவு என்று சொல்லக் கூடாது.

ஆகவே வீட்டுக்கு எது என்று கேட்டால், கேஸ் அடுப்புக்குப் பொறி லைட்டர், மற்றதற்கெல்லாம் தீப்பெட்டி என்பேன். பத்து ரூபாய் வாயு லைட்டரைப் பிள்ளைகள் நடமாடும் வீட்டில் வைக்க மாட்டேன். தீப்பெட்டி முதலாளிகள் தடை கேட்டு டெல்லிக்குப் போனது நியாயம்தான். அதே வேகத்தில் மெழுகையும் பட்டையையும் சரிசெய்து, மழைக்காலத்துக்கென்று ஈரம் தாங்கும் பெட்டி ஒன்றை மூன்று ரூபாய்க்கு விற்கட்டும். கூடுதலாகக் கேட்கிற அந்த ஒரு ரூபாயில் பெட்டி ஒட்டுகிற பெண்களின் கூலிக்கும் பங்கு இருந்தால், அதைக் கொடுக்க நான் தயங்க மாட்டேன்.