பால் பனியனும் பலகைக் கம்பெனியும்

அமெரிக்க மரவெட்டிகளின் ராட்சத நாயகன் பால் பனியன். அவன் கதைகளில் ஒரு பிரம்மாண்டமான தோசைக்கல் வரும். காலை ரொட்டி சுடுமுன் அதில் கொழுப்புத் தடவ, சமையல் ஆட்கள் காலில் பன்றி இறைச்சித் துண்டுகளைக் கட்டிக்கொண்டு சறுக்கி ஓடுவார்கள். மிச்சிகன், விஸ்கான்சின், மின்னசோட்டா காடுகளில் உறைபனியில் பைன் மரம் வெட்டியவர்களுக்கு இது வெறும் புளுகு அல்ல. நாளெல்லாம் ரம்பம் இழுத்தவனின் பசிதான் அந்தக் கல்லை அவ்வளவு பெரிதாக்கியது. கதை அளப்பவன் முகத்தில் சிரிப்பே இருக்காது. புதிதாக வந்த பையன் நம்பிவிட்டால் முகாமே சிரிக்கும். மிகை எவ்வளவு ஏறினாலும் அடியில் உடம்பு பட்ட பாடு கிடக்கிறது. இந்தக் கலையின் பலமே அதுதான்.

ஜேம்ஸ் மெக்கிலிவ்ரே 1910இல் டெட்ராய்ட் நாளிதழில் எழுதிய கதையைப் பாருங்கள். குளிர்காலம் முழுக்க வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டு ஓட்டிப் போகிறார்கள். வழியில் ஒரு முகாம், தங்களுடையதைப் போலவே. பிறகு இன்னொன்று. மூன்றாம் முறைதான் உறைக்கிறது: அது தங்கள் முகாமேதான். ஆறு வட்டமாகச் சுற்றுகிறது. கடலுக்கும் போகாது, ஆலைக்கும் போகாது. பட்ட பாடெல்லாம் வீண். கூலிக்காரனின் கசப்பை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன பனியன் கதை எதையும் நான் படித்ததில்லை.

1914இல் ரெட் ரிவர் மரக் கம்பெனி ஒரு விளம்பரச் சிறுநூல் வெளியிட்டது. எழுதிய வில்லியம் லாஹெட் முகாம்களில் வேலை பார்த்தவர்தான். பனியனின் துணையான நீல எருதுக்கு பேப் என்று பெயர் வைத்தவரும் அவரே. ஆனால் பலகை விற்க வந்த பனியனுக்குக் களைப்புமில்லை, கசப்புமில்லை. இப்படிப்பட்டவை போலி நாட்டார் கதைகள் என்று 1950இல் நாட்டாரியல் அறிஞர் ரிச்சர்ட் டார்சன் சாடினார். அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி. விஸ்கான்சின் மரவெட்டிகளின் கதைகளை பெர்னிஸ் ஸ்டூவர்ட்டும் ஹோமர் வாட்டும் 1916லேயே அச்சேற்றிவிட்டார்கள். வாய்மொழி மரபு இருந்தது. கம்பெனி அதிலிருந்து தொழிலாளியை அப்புறப்படுத்தியது.

என்னை அதிகம் உறுத்துவது காடு. வடக்கு டகோட்டாவையே பனியன் மொட்டையடித்தான் என்று கதை பூரிக்கிறது. மரம்வெட்டிகள் விட்டுப்போன கிளைகள் காய்ந்து கிடந்த விஸ்கான்சினில், 1871 அக்டோபர் 8 அன்று மூண்ட பெஷ்டிகோ தீயில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இந்தப் பூரிப்பில் அவர்களுக்கு இடமே இல்லை.

பனியனுக்கு 1937இல் மின்னசோட்டாவின் பெமிட்ஜியில் 18 அடிச் சிலை எழுந்தது. அதே மின்னசோட்டாவின் ஓஜிப்வே மக்களிடம் வேறொரு கதை உண்டு: அவர்களுடைய தொன்ம நாயகர் நானபோஜோ பனியனோடு மல்லுக்கட்டி, மிஞ்சிய பைன்களைக் காப்பாற்றுகிறார். அதைச் சேர்க்காத எந்தப் பனியன் தொகுப்பையும் முழுமையானது என்று நான் ஏற்கமாட்டேன்.