விழும் வானம்

தாவி கோப்பெனாவா யனோமாமி மொழியில் சொல்ல, மானிடவியலாளர் ப்ரூஸ் அல்பேர் பிரெஞ்சில் எழுதிய ‘விழும் வானம்’ 2010ல் பாரீஸில் வெளியாயிற்று. ஆங்கிலத்தில் 2013ல் வந்தது. இதை உபதேசமாகப் படிப்பது சுலபம். காட்டு ஞானி ஒருவர் நகரத்தானைக் கடிந்துகொள்கிறார். நாமும் தலையாட்டிவிட்டு மூடிவைத்துவிடலாம். புத்தகத்தின் பலம் வேறிடத்தில் இருக்கிறது.

யனோமாமியில் ‘உரிஹி’ என்றால் காடு. அது நிற்கும் மண்ணும் அதுவே. உலோகங்களை ஒமாமா மண்ணுக்கடியில் ஒளித்துவைத்தான். வெள்ளையர் தோண்டியெடுத்துச் சுடும்போது எழும் புகையே கொள்ளைநோய். உருவகம் என்று இதை ஒதுக்க முடியாது. 1987 முதல் பிரேஸிலின் யனோமாமி நிலத்தில் சுமார் 40,000 பேர் தங்கம் தோண்டப் புகுந்தார்கள். மலேரியாவும் கூடவே வந்தது. 1992ல் 96 லட்சம் ஹெக்டேருக்கு எல்லை வகுத்தாயிற்று. அப்படியும் 2023 ஜனவரியில் அரசு அங்கே சுகாதார நெருக்கடி பிரகடனம் செய்ய வேண்டியிருந்தது.

இதன் பக்கத்தில் தட்பவெப்பக் கொள்கையின் மொழியை வைத்துப் பார்க்கிறேன். 2008ல் ஏற்பட்ட அமேஸான் நிதி (பெரும்பணம் நார்வேயுடையது) ஆரம்பத்தில் ஒரு ஹெக்டேர் காட்டை 100 டன் கரி என்று கணக்கிட்டது. காற்றில் கலக்காமல் தடுத்த கரியமில வாயுவுக்கு டன் 5 டாலர். நிதியால் நன்மையே இல்லை என்று சொல்லவில்லை. பழங்குடிகளின் திட்டங்களுக்கும் பணம் போயிருக்கிறது. ஆனால் இந்த மொழியின் கண்ணில் படுவது எது? முன்பு வெட்டியவன் குறைத்துக்கொண்டால் வரவு. வெட்டாமலே இருந்தவனுக்கு வரவு ஏது? தங்கம் பிரிக்கக் கலக்கும் பாதரசம் ஆற்று மீனில் ஏறி, குழந்தையின் ரத்தத்துக்குப் போகிறது. அதை எந்த டன்னில் எழுதுவது? ‘சுற்றுச்சூழல்’ என்ற சொல்லே கோப்பெனாவாவுக்குப் பிடிக்கவில்லை. அழித்தது போக மிஞ்சியதற்கு வைத்த பெயராக அது அவருக்குப் படுகிறது. மொழியியல் படித்த நம் விமர்சகர்கள் கவனிக்க வேண்டிய இடம்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். பல்லாண்டு ஒலிப்பதிவுகளை வெட்டியும் கோத்தும் அல்பேர் செய்த நூல் இது. ‘நான்’ என்று பேசும் குரல் இருவருடையது. பின்னுரையில் அவரே இதை மறைக்கவில்லை. என்றாலும் வாய்மொழியின் தடுமாற்றமும் கூறியது கூறலும் அதிகமாகவே வழித்தெடுக்கப்பட்டுவிட்டன என்பது என் அபிப்ராயம். எழுத்தைக் காகிதத் தோல் என்று ஏளனம் செய்கிறவர், தன் பேச்சை அந்தத் தோலிலேயே பதியச் சொன்னார். வேறு வழியில்லை. அவர் நிலத்தைப் பற்றித் தீர்மானிக்கிறவர்கள் அதைத்தான் படிக்கிறார்கள்.