பூவுக்கும் பறவைக்கும் சாட்சி

கொடைக்கானலுக்குப் போய் ஏரியில் படகு விட்டு, தூண் பாறையில் செல்ஃபி எடுத்து, சாக்லேட் பொட்டலத்தோடு இறங்கிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். வத்தலக்குண்டிலிருந்து ஏறும்போது வெள்ளி அருவியைத் தாண்டினால் செண்பகனூர். அங்கே இயேசு சபையார் 1895-இல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரி இருக்கிறது. அதிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைப் பார்க்காதவர் மலையேறியதே வீண் என்பேன். மிகைதான், இருக்கட்டும்! பிடித்துப்போனதைப் பற்றி அளந்து பேச எனக்கு வராது.

உள்ளே பாடம் செய்த விலங்குகள், பறவைகள், பாம்புகள், ஊசியில் குத்திய வண்ணத்துப்பூச்சிகள். ஒரு பூச்சியின் சிறகுக்கு நேரே கண்ணை வைத்துப் பாருங்கள். பொடி தூவியது போலத் தெரிவதெல்லாம் ஓடு வேய்ந்த மாதிரி வரிசை வரிசையாக அடுக்கிய செதில்கள். யாரும் பார்க்காவிட்டாலும் அவை அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கும். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இந்த மலையை இப்படிப் பார்க்கக் கற்றுத் தந்தவர்களில் ஒருவர் லூயி ஆங்லேட் அடிகளார். பிரான்சிலிருந்து வந்த இயேசு சபைக் குரு. பழனி மலைச் செடிகளை ஒவ்வொன்றாகப் பறித்து வந்து, வாடுவதற்குள் நீர்வண்ணத்தில் வரைந்து வைத்தார். இலையின் விளிம்பில் பல் இருந்தால் படத்திலும் பல் இருக்க வேண்டும். அழகுக்காக ஒன்றைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அவர் செடியோடு நிற்கவும் இல்லை. இம்மலையின் கற்திட்டைகளைத் தேடித் திரிந்து, நியூட்டன் என்பவரோடு சேர்ந்து எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது.

நம் ஜெபக்கூட்டங்களில் சாட்சி சொல்வார்கள், கேட்டிருப்பீர்கள். கடன் அடைந்தது, விசா கிடைத்தது, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நானும் சொல்லியிருக்கிறேன், குறை சொல்லவில்லை. ஆனால் எல்லாமே ‘எனக்கு’ ஆண்டவர் செய்தது. 104-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். கொக்கு எங்கே கூடு கட்டுகிறது, சிங்கக்குட்டி எப்போது இரை தேடுகிறது என்று பாடிக்கொண்டே போகிறவருக்கு அதனால் சொந்த லாபம் பெரிதாக ஒன்றும் கிடையாது. கண்டதைச் சொல்கிறார், அதுவே துதியாகிவிடுகிறது. ஆங்லேட் அடிகளாரின் தூரிகையும் அந்த வகைச் சாட்சிதான் என்பது என் கட்சி.

கத்தோலிக்கர் மட்டும்தானா என்றால், இல்லை. அமெரிக்க மிஷனரி சாமுவேல் ஃபேர்பேங்க் மராத்தி நாட்டில் ஊழியம் செய்தவர். 1860-களில் இந்த மலைக்கு வந்து பறவைகளைச் சேகரித்தார். அவற்றில் ஒரு சிலம்பன் புதிய இனம் என்று கண்டு, 1869-இல் இயற்கையியலாளர் பிளான்ஃபோர்டு அதற்கு அவர் பெயரையே சூட்டினார். அந்தச் சிலம்பனைப் பாம்பார் சோலை ஓரத்தில் பார்த்தேன். கண்ணுக்கு மேலே அகலமாக வெள்ளைப் புருவம், சாம்பல் மார்பில் கீற்றுகள், வயிற்றில் மங்கிய காவி. தவிட்டுப் பழத்தைக் கொத்திவிட்டுத் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. கூட்டமாகக் கத்த ஆரம்பித்தால் சோலையே எதிரொலிக்கும். நானும் “தோத்திரம் ஆண்டவரே!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற தேன் விற்கிற அம்மா, “என்ன தம்பி, என்ன ஆச்சு?” என்றார்.

அடுத்து கே. எம். மேத்யூ அடிகளார். இவரும் இயேசு சபையார், தாவரவியலாளர். 1967-இல் திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராப்பினாட் உலர்தாவரக் கூடத்தை நிறுவினார். பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1999-இல் வந்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது அவர் 1969-லேயே செய்த வேலை: கொடைக்கானலுக்கு வெளியிலிருந்து வந்து குடியேறிய செடிகளைப் பற்றி மட்டும் ஒரு நூல். பைன் காட்டில் டூயட் நினைப்போடு போட்டோ எடுக்கிறோமே, அந்த மரமும் யூகலிப்டஸும் வாட்டிலும் மனிதன் கொண்டு வந்து நட்டவை. அவை வளர்ந்த இடத்தில் முன்பு புல்வெளி இருந்தது. எது ஆண்டவர் வைத்தது, எது நாம் வைத்தது என்று பிரித்துச் சொல்வதும் சாட்சிதானே. பொய்ச்சாட்சி கூடாது என்பது மரத்துக்கும் பொருந்தும்.

இயேசு சபையை நிறுவிய இக்னாசியார் தம் சபைக்குக் கற்றுக்கொடுத்த ஆன்ம சோதனை நன்றியில்தான் தொடங்குகிறது. இன்று என்னென்ன பெற்றேன் என்று நினைத்துப் பார்த்து, பிறகுதான் தவறுக்குப் போக வேண்டும். மலையில் தங்கும் இரவுகளில் நான் அதைப் பெயர் சொல்லிச் செய்கிறேன். பாசி, பெரணி, சிலம்பன், கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் மூடிக்கொண்டு வந்த பனி. ‘இயற்கைக்காக நன்றி’ என்று ஒரே வரியில் முடித்தால் சப்பென்று இருக்கிறது. பெயர் தெரிந்தால் ஜெபம் நீள்கிறது, தூக்கமும் நன்றாக வருகிறது.

அடுத்த கூட்டத்தில் சாட்சி சொல்ல உங்களைக் கூப்பிட்டால், எழுந்து நின்று ஒரு பறவையைப் பற்றிச் சொல்லுங்கள். குறிஞ்சி 2018-இல் பூத்தது, இனி 2030-இல்தான் பூக்கும். அதற்காகக் காத்திருக்காமல் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இந்த வருஷமே செண்பகனூருக்குப் போங்கள். திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.